இரண்டு நாணயம், ஒரு வாடகை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துப் புறப்படும் இந்திய மாணவர்களுக்கு மூத்தவர்கள் வழங்கும் அறிவுரைகளில் ஒன்று சில ஆண்டுகளாக மாறாமல் இருந்துவருகிறது. வாடகையைக் காசோலையாகக் கொடுக்காதே, பில்ட் அட்டை வழியாகக் கொடு. எப்படியும் போகிற பணம்தானே, புள்ளிகளாவது மிஞ்சும். முனைவர் படிப்பு முடிவதற்குள் ஊருக்குப் போய்வர ஒரு விமானச்சீட்டாவது தேறிவிடும்.

2025 இறுதிவரை இந்த அறிவுரையில் பெரிய பிழை கிடையாது. 2026 பிப்ரவரி 7ஆம் நாளோடு அது காலாவதியாகிவிட்டது. அன்றுமுதல் அந்த அட்டை வாடகைதாரருக்கு ஒரு நாணயத்துக்குப் பதில் இரண்டு நாணயங்களை வழங்குகிறது: பில்ட் புள்ளி, பில்ட் கேஷ். இரண்டு கிடைப்பது ஒன்று கிடைப்பதைவிட மேல் என்று தோன்றுவது இயல்பு. அந்தத் தோற்றத்தை நம்பியே இத்திட்டம் நிற்கிறது. இரண்டாவது நாணயம் வாடகைதாரருக்குக் கூடுதலாக எதையும் தரவில்லை. முன்பு நிபந்தனையின்றிக் கிடைத்த ஒன்றுக்கு விலை வைக்கவும், அந்த விலை விலையைப் போலத் தெரியாமல் இருக்கவும் அது உண்டாக்கப்பட்டது. இக்கூற்றுக்குச் சான்று தர எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

முதலில் பழைய ஏற்பாடு. அங்கூர் ஜெயின் தொடங்கிய பில்ட் நிறுவனம் 2022இல் வெல்ஸ் பார்கோ வங்கியோடு சேர்ந்து ஆண்டுக்கட்டணம் இல்லாத ஓர் அட்டையை வெளியிட்டது. வாடகையில் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு புள்ளி. ஒரே நிபந்தனை, கணக்குச் சுழற்சி ஒவ்வொன்றிலும் அந்த அட்டையால் ஐந்து பரிவர்த்தனையாவது செய்திருக்க வேண்டும். எவ்வளவு தொகைக்கு என்ற கேள்வி கிடையாது. ஐந்து முறை ஐந்து வாழைப்பழம் வாங்கினாலும் இரண்டாயிரம் டாலர் வாடகைக்கு இரண்டாயிரம் புள்ளி வந்துவிடும்.

கடையில் அட்டையைத் தேய்த்தால் கடைக்காரர் விற்பனைத் தொகையில் ஒரு பங்கை வங்கிக்கு விட்டுக்கொடுக்கிறார். வெகுமதிப் புள்ளிகளின் ஊற்றுக்கண் அது. வீட்டு உரிமையாளர் அப்படி எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. வாடகை முழுதாக அவர் கைக்குப் போயாக வேண்டும். ஆக வாடகைப் புள்ளிகளுக்கு ஊற்று இல்லை. யாரோ தம் பையிலிருந்து நிரப்ப வேண்டும். நிரப்பியது வங்கி. ஒவ்வொரு வாடகைப் பரிவர்த்தனைக்கும் ஏறத்தாழ 0.8 சதவீதத்தை வெல்ஸ் பார்கோ பில்ட்டுக்குக் கொடுத்துவந்ததாகவும், மாதம் ஒரு கோடி டாலர்வரை இழந்ததாகவும் 2024 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. வங்கி போட்ட கணக்கு அதே செய்தியில் உண்டு. அட்டையில் ஏறும் தொகையில் பெரும்பகுதி வாடகை அல்லாத செலவாக இருக்கும் என்றும், பயனர்களில் பலர் நிலுவையை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வட்டி கட்டுவார்கள் என்றும் வங்கி எண்ணியிருந்தது. நடந்தது நேர்மாறு. வாடகையை மட்டும் ஏற்றினார்கள். நிலுவையை முழுதாகக் கட்டினார்கள்.

இதை இன்னொரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும். வாடகைதாரர்கள் கடனில் விழாததும், தேவையற்றதை வாங்காததும்தான் திட்டத்தின் தோல்விக்குக் காரணம். அவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள், வங்கி நட்டப்பட்டது. புதிய திட்டம் இந்த ஒழுங்கைக் குறிவைத்தே வரையப்பட்டிருக்கிறது.

இனிப் புதிய ஏற்பாடு. வெல்ஸ் பார்கோ விலகியது. கார்ட்லெஸ் என்ற நிறுவனம் அட்டைகளை நடத்துகிறது. அட்டைகள் மூன்று: ஆண்டுக்கட்டணம் இல்லாத புளூ, 95 டாலர் கட்டணத்தில் அப்சிடியன், 495 டாலரில் பல்லேடியம். அன்றாடச் செலவுகளுக்கு அட்டைக்கு ஏற்ற புள்ளிகளோடு, செலவில் 4 சதவீதம் பில்ட் கேஷாகவும் சேரும். வாடகைக்குப் புள்ளி வேண்டுமென்றால் அந்தக் கேஷைக் கொடுத்து அதைத் 'திறக்க' வேண்டும். ஆயிரம் புள்ளியைத் திறக்க 30 டாலர் பில்ட் கேஷ்.

வாடகை 2,000 டாலர் என்றால் முழுப் புள்ளிகளையும் திறக்க 60 டாலர் பில்ட் கேஷ் வேண்டும். 4 சதவீதத்தில் 60 டாலர் சேர 1,500 டாலர் அன்றாடச் செலவு வேண்டும். எந்த வாடகைக்கும் இதே விகிதம்தான்: நூற்றுக்கு மூன்று கொடுக்க வேண்டும், நூற்றுக்கு நான்கு கிடைக்கிறது, ஆகவே வாடகையில் முக்கால் பங்கு அளவுக்கு வேறு செலவு செய்தாக வேண்டும். 'வாடகையில் 75 சதவீதத்தை எங்கள் அட்டையில் செலவழித்தால் வாடகைக்கும் புள்ளி தருவோம்' என்ற ஒரு வரியில் இது அடங்கிவிடும். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு நாணயமே அச்சிடப்பட்டிருக்கிறது.

இது வலிந்து கொள்ளும் பொருள் என்று நினைப்பவர்களுக்கு நிறுவனமே விடை கொடுத்துவிட்டது. 2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தவுடன் பயனர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களுக்குள் இரண்டாவது வழி ஒன்று சேர்க்கப்பட்டது. பில்ட் கேஷ் வேண்டாம் என்பவர் அதை விட்டுவிட்டுப் படிநிலை முறையைத் தேர்ந்துகொள்ளலாம். அன்றாடச் செலவு வாடகையில் 25 சதவீதத்தைத் தொட்டால் டாலருக்கு அரைப் புள்ளி, 50 சதவீதத்தைத் தொட்டால் முக்கால், 75 சதவீதத்தைத் தொட்டால் ஒன்று, 100 சதவீதத்தைத் தொட்டால் ஒன்றேகால். இருபத்தைந்துக்குக் கீழே நின்றால் மாதம் 250 புள்ளி, அவ்வளவே. ஒரு டாலருக்கு ஒரு புள்ளி என்ற பழைய நிலைக்கு இங்கே வைக்கப்பட்ட விலையும் 75 சதவீதம். கேஷ் என்ற திரையை நீக்கியவுடன் பின்னாலிருந்த எண் அப்படியே தெரிந்துவிட்டது.

இரண்டு வழிகளில் எது மேல்? செலவு வாடகையில் 25 சதவீதம் முதல் முப்பத்தேழரைவரை இருந்தால் படிநிலை மேல். முப்பத்தேழரையிலிருந்து ஐம்பதைத் தொடும்வரை கேஷ் மேல். ஐம்பது முதல் ஐம்பத்தாறேகால்வரை மறுபடி படிநிலை. அதன்பின் எழுபத்தைந்தைத் தொடும்வரை மறுபடி கேஷ். 75க்கும் 100க்கும் இடையே புள்ளி சமம், கேஷ் வழியில் கொஞ்சம் சில்லறை மிஞ்சும். நூறில் மீண்டும் படிநிலைக்குப் புள்ளி கூடுதல், கேஷுக்கு மிச்சம் கூடுதல்; மிச்சத்தைச் செலவழிக்கத் தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு மற்றொன்று. ஒரு மாதத்தின் செலவு விகிதம் அந்த மாதம் முடிந்த பிறகே தெரியும். பல் வலித்தால் மாறும். ஊரிலிருந்து அம்மா வந்தால் மாறும். ஆய்வேட்டின் புள்ளியியல் அத்தியாயத்தை எழுதி முடித்த ஒருவருக்கே இது மாலைப்பொழுது ஒன்றை விழுங்கும் வேலை. உணவகத்தில் இரவுப்பணி முடித்து வரும் வாடகைதாரருக்கும் இதே 'தேர்வுச் சுதந்திரம்' வழங்கப்பட்டிருக்கிறது.

மாணவர்களுக்கு உரிய கணக்கு இதைவிட மோசம். இந்திய மாணவர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வீடெடுக்கிறார்கள். ஒருவர் முழு வாடகையையும் கட்ட, மற்றவர்கள் தம் பங்கை அவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பழைய அட்டையில் கட்டுகிறவருக்கு இது கொழுத்த வரவு. இன்று 2,400 டாலர் வாடகையைத் தம் அட்டையில் ஏற்றி, சொந்தச் செலவாக 400 டாலர் மட்டும் செய்கிறவரின் விகிதம் பதினேழு சதவீதத்தைத் தொடவில்லை. படிநிலையில் அவருக்கு 250 புள்ளி. கேஷ் வழியில் 16 டாலர் சேரும், அதைக்கொண்டு 533 புள்ளி திறக்கலாம். முன்பு 2,400 புள்ளி. சிக்கனமாக வாழ்கிறவருக்கே இந்தத் தண்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். வாடகை அதிகம், மற்றச் செலவு குறைவு என்பது உதவித்தொகையில் வாழ்கிறவரின் வரவுசெலவு வடிவம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு மையக் கணக்குப்படி 2023இல் அமெரிக்காவில் 2 கோடியே 26 லட்சம் வாடகைக் குடும்பங்கள், அதாவது பாதிப்பேர், வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் உறைவிடத்துக்கே கொடுத்தார்கள். வாடகைதாரர்களுக்கென்றே விற்கப்படும் ஓர் அட்டை, வாடகை யாரை அதிகம் அழுத்துகிறதோ அவருக்கே குறைவாகத் தருகிறது.

சரி, முக்கால் பங்கு செலவு செய்ய முடிகிறவருக்காவது ஆதாயம் உண்டா? கையேடுகள் இங்கே ஒரு பழைய தந்திரத்தைக் கையாளுகின்றன. 1,500 டாலர் செலவுக்கு புளூ அட்டையில் 1,500 புள்ளி, வாடகைக்கு 2,000 புள்ளி, ஆக 3,500 புள்ளி இலவசம் என்று கூட்டிக் காட்டுகின்றன. அதே 1,500 டாலரை, ஆண்டுக்கட்டணமின்றி 2 சதவீதம் உண்மைப் பணமாகத் திருப்பித்தரும் அட்டையில் செலவழித்திருந்தால் 30 டாலர் வந்திருக்கும். அத்தகைய அட்டைகள் அங்கே பல உண்டு. ஒரு புள்ளிக்கு ஒரு சென்ட் என்று மதித்தால் 3,500 புள்ளி 35 டாலர். ஆக இருபது டாலர் பெறுமானம் என்று விளம்பரப்படுத்தப்படும் வாடகை வெகுமதியின் உண்மையான நிகர வரவு ஐந்து டாலர். ஒரு புள்ளியை 0.86 சென்ட்டுக்குக் கீழே கரைக்கிறவருக்கு வரவே கிடையாது, இழப்பு. விமான நிறுவனங்களுக்கோ விடுதிக் குழுமங்களுக்கோ மாற்றி ஒன்றரை சென்ட்வரை கறக்கத் தெரிந்தவருக்கு மாதம் இருபது டாலரைத் தாண்டி நிற்கும். அதற்கும் இருக்கை நிலவரம், மாற்று விகிதம், காலாவதி ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கும் உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி யாரும் கணக்கிடுவதில்லை.

பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'கேஷ்' தமிழ்க் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்று பெருமையோடு பகிரும் பதிவுகள் வாரம் ஒன்று வருகின்றன. அதில் பாதி உண்மை. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. கீழ்த்திசைச் சிறுநாணயங்களைக் குறித்த 'கேஷ்' போர்த்துகீசியர் வழியாகத் தமிழ்க் காசிலிருந்து போனது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பெட்டியைக் குறித்த சொல்லின் வழிவந்தது, மூலம் இலத்தீன். பணப்பெட்டியைக் குறித்த சொல் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. சொற்பிறப்பு எந்தச் சொல்லின் இன்றைய பொருளையும் தீர்மானிப்பதில்லை என்பது மொழியியலின் முதற்பாடம். ஆயினும் இங்கே அந்தப் பழைய பொருள் இன்றைய வழக்கிலும் உயிரோடு இருக்கிறது: கேஷ் என்றால் தன் பெட்டியில், தன் சாவிக்குள், கேள்வியின்றி யாருக்கும் கொடுக்கக்கூடியதாக இருக்கும் பணம். பில்ட் கேஷ் நிறுவனத்தின் பெட்டியில் இருக்கிறது. நிறுவனம் வரைந்த வட்டத்துக்குள் செல்லும். ஆண்டு முடிவில் நூறு டாலர் போக மீதி மறைந்துவிடும். ரொக்கத்துக்குரிய இயல்பு ஒன்றுகூட இல்லாத ஒன்றுக்கு ரொக்கத்தின் பெயர். அதைக் கூப்பன் என்று அழைத்திருந்தால் முப்பது டாலரை யாரும் முப்பது டாலராக மதித்திருக்க மாட்டார்கள்.

வினைச்சொற்கள் இதைவிட நுட்பமானவை. புள்ளிகளை 'ஈட்டுகிறார்கள்', பிறகு 'திறக்கிறார்கள்'. ஈட்டுதல் உழைப்பைச் சுட்டும் வினை. ஈட்டியது தனக்கு உரியது என்ற முற்கோள் அதற்குள் அடங்கியிருக்கிறது. திறத்தல் என்பதன் முற்கோளோ இன்னும் சுவையானது. உள்ளே இருப்பது ஏற்கனவே தன்னுடையது, பூட்டு மட்டுமே தடை என்று அது கொள்ளவைக்கிறது. பூட்டியவர் யார் என்ற எழுவாயை அந்த வாக்கியம் கேட்பதே இல்லை. 'வாங்குகிறார்' என்று எழுதினால் விலை எவ்வளவு என்ற கேள்வி எழும். 'திறக்கிறார்' என்று எழுதினால் எழாது. மூன்று டாலர் மதிப்புள்ளது என்று சொல்லப்படும் ஒன்றைக் கொடுத்து ஒரு டாலர் மதிப்புள்ள நூறு புள்ளியை வாங்குவது எந்தச் சந்தையிலும் நகைப்புக்குரிய வணிகம். 'திறத்தல்' என்ற வினை அந்த நகைப்பை அடக்கிவிடுகிறது. (அப்படி வாங்கத் தயங்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதே, பில்ட் கேஷின் ஒரு டாலர் ஒரு டாலர் அல்ல என்பதற்கு அவர்களே கொடுக்கும் வாக்குமூலம்.)

உரியவருக்குச் சொந்த நாணயத்தில் கொடுக்கும் பழக்கம் புதிதும் அல்ல. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் முதலாளியின் கடையில் மட்டும் செல்லும் சீட்டுகளைக் கூலியாகக் கொடுத்த வழக்கத்தை எதிர்த்துத்தான் பிரிட்டனில் 1831ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அசாம், சில்ஹட் தேயிலைத் தோட்டங்களின் உலோக வில்லைகள் இன்று நாணயச் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. இந்தியாவின் 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம், ஊதியத்தை நாட்டில் செல்லுபடியாகும் நாணயத்திலோ நோட்டிலோதான் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. கூலிச் சீட்டோடு வெகுமதிப் புள்ளியை ஒப்பிடுவது மிகை என்பார்கள். ஒருவகையில் மிகைதான், வாடகைதாரர் நிறுவனத்தின் தொழிலாளி அல்லர். ஆனால் ஒப்புமை நிற்கும் இடம் ஒன்று உண்டு. நாணயத்தை அச்சிடுபவர், அதன் விலையை நிர்ணயிப்பவர், அது செல்லும் கடையை நடத்துபவர், அது எப்போது செல்லாது என்று அறிவிப்பவர் ஆகிய நால்வரும் ஒருவரே. கூலி என்பது கடமை, ஆகையால் சட்டம் உள்ளே வந்தது. வெகுமதி என்பது கொடை, ஆகையால் கொடுப்பவர் விரும்பியபோது அளவைக் குறைக்கலாம். 'வெகுமதி' என்று பெயர் சூட்டியதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

அது கொடையும் அன்று. அமெரிக்காவில் இதைப் பற்றிய ஆய்வுகள் தெளிவாகவே இருக்கின்றன. பாஸ்டன் மத்திய வங்கிக் கிளைக்காக ஷூ, ஷை, ஸ்டாவின்ஸ் ஆகியோர் 2010இல் எழுதிய ஆய்வு, ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்குக் கொடுப்பதாகவும், அட்டைக் குடும்பம் ஒன்று 1,133 டாலர் பெறுவதாகவும் கணக்கிட்டது. கடைக்காரர் அட்டைக் கட்டணத்தை எல்லோருக்குமான விலையில் ஏற்றிவிடுகிறார் என்பதே வழி. அகர்வால், பிரெஸ்பிதெரோ, சில்வா, விக்ஸ் ஆகிய நால்வர் பின்னர் செய்த ஆய்வு, வெகுமதி அட்டைகள் வழியாக ஆண்டுக்கு 1,500 கோடி டாலர் கல்வி குறைந்த பகுதிகளிலிருந்து கல்வி மிகுந்த பகுதிகளுக்கும், ஏழைப் பகுதிகளிலிருந்து செல்வப் பகுதிகளுக்கும் நகர்வதாகக் காட்டியது. அந்த ஆய்வில் பிரிகோடாக நிற்பது நிதியறிவு. விதிகளைப் படித்து நிலுவையைத் தவறாமல் கட்டுகிறவர் பெறுகிறார். படிக்காதவர், கட்ட முடியாதவர் கொடுக்கிறார். விதிகள் எவ்வளவு சிக்கலாகின்றனவோ அவ்வளவு பேர் முதற்கூட்டத்திலிருந்து இரண்டாம் கூட்டத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். இரண்டாவது நாணயம் செய்யும் வேலை இது.

மறுதரப்பில் மூன்று வாதங்கள் உண்டு. முதலாவது, காசோலையில் வாடகை கொடுத்தால் சுழியம்தானே, 533 புள்ளியாவது வருகிறதே என்பது. சரிதான், ஆனால் அதற்காகத் திருப்பிவிடப்பட்ட 400 டாலர் செலவு வேறெங்கோ ஈட்டியிருக்கக்கூடிய எட்டு டாலரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, வாடகையை ஒழுங்காகக் கட்டியதைக் கடன் தரவு நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் வசதி. இது மறுக்க முடியாத நன்மை. அந்நாட்டில் கடன் வரலாறே இல்லாமல் வந்திறங்கும் அயல்நாட்டு மாணவருக்கு, இரண்டு நாணயங்களைவிடவும் இது பெறுமானம் உள்ளது. இந்த ஒன்றுக்காக மட்டும் அத்திட்டத்தில் சேர்பவரைக் குறைசொல்ல இடமில்லை.

மூன்றாவது வாதம், விருப்பமில்லாதவர் சேராமல் இருக்கலாமே என்பது. இந்த வாதத்தைக் கல்விப்புலத்தார் சொல்லும்போது வியப்பு எழுகிறது. வாடகை விருப்பத்தின்பாற்பட்ட செலவல்ல. வருமானத்தின் மிகப்பெரிய பங்கு எங்கே கட்டாயமாகப் போகிறதோ, அங்கே கடைசியாக வந்து நின்றது அட்டைத் தொழில். உணவுக்கும் பயணத்துக்கும் வெகுமதி வைத்தபோது அது நுகர்வைத் தூண்டியது. வாடகைக்கு வெகுமதி வைத்தபோது தூண்ட ஒன்றுமில்லை, யாரும் புள்ளிக்காக இரண்டாவது வீடு வாடகைக்கு எடுக்கமாட்டார்கள். ஆகவே வாடகை ஒரு கொக்கியாகிறது. அந்தக் கொக்கியில் மற்ற எல்லாச் செலவையும் மாட்டுவதே இலக்கு. 75 சதவீதம் என்ற எண் அதைத்தான் சொல்கிறது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு வேறொரு வடிவம் இருந்தது. இங்கே செயலிகள் வழியாகக் கடன் அட்டையில் வாடகை கட்டும் வழக்கம் 2020க்குப் பிறகு பரவியது. வங்கியின் புள்ளி ஒரு நாணயம், செயலியின் 'காயின்' மற்றொரு நாணயம். 2022 அக்டோபர் 20 முதல் ஐசிஐசிஐ வங்கி வாடகைப் பரிவர்த்தனைக்கு 1 சதவீதக் கட்டணம் வைத்தது, எஸ்பிஐ கார்டு அடுத்த மாதம் 99 ரூபாயும் வரியும் என்றது, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். வாடகைக்குப் புள்ளி கிடையாது என்று பல வங்கிகள் விதி எழுதின. பெறுவதற்கு ஏதுமில்லாத நிலையிலும் கட்டியவர்கள் கட்டினார்கள். 2025 செப்டம்பர் 15இல் ரிசர்வ் வங்கி, பணப்பரிமாற்ற இடைநிலை நிறுவனங்கள் தம்மோடு நேரடி ஒப்பந்தமும் அடையாளச் சரிபார்ப்பும் உள்ள வணிகர்களுக்கே பணம் கொண்டுசேர்க்கலாம் என்று விதித்தது. வீட்டு உரிமையாளர் வணிகராகப் பதிந்தவர் அல்லர். போன்பே, பேடிஎம், கிரெட் ஆகியவை அட்டை வழி வாடகையை நிறுத்திக்கொண்டன.

வாடகை என்ற பெயரில் நண்பரின் கணக்குக்குப் பணம் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டு அட்டையை ரொக்கமாக்கியவர்கள் பலர்; அந்த ஓட்டையை அடைத்தது தவறு என்று வாதிட முடியாது. ஆனால் அட்டையில் வாடகை கட்டியவர்கள் எல்லோரும் புள்ளி வேட்டைக்காரர்கள் என்ற பேச்சு கல்விப்புலத்தில் உலவுவது வேதனை. தில்லியிலோ ஐதராபாத்திலோ விடுதி கிடைக்காமல் வெளியே அறை எடுத்திருக்கும் ஆய்வாளருக்கு, 37,000 ரூபாய் இளநிலை உதவித்தொகை தாளில் மாதந்தோறும் வரும். கணக்கில் சில மாதங்கள் சேர்ந்து ஒருநாள் வரும். இடைப்பட்ட மாதங்களில் வீட்டு உரிமையாளர் காத்திருப்பதில்லை. அப்போது 12,000 ரூபாய் வாடகையை அட்டையில் ஏற்றியவருக்கு 1 சதவீதக் கட்டணமும் அதன்மேல் வரியும் சேர்த்து 141 ரூபாய் 60 காசு. அடுத்த மாதமும் பணம் வராமல் நிலுவை தள்ளிப்போனால், மாதம் மூன்றரை சதவீத வட்டி 420, அதற்கும் வரி 75 ரூபாய் 60 காசு. இதுவே ஒவ்வொரு மாதமும் தொடரும். இவருக்குக் கிடைத்த வெகுமதி என்ன? செயலி அனுப்பிய சில ஆயிரம் காயின்கள். அவற்றைக் கொண்டு முகப்பூச்சு வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்பது போன்ற அறிவிப்புகள்.

இவரிடம் 'அட்டையின் பலன்களை உச்சப்படுத்துவது எப்படி' என்ற கையேட்டை நீட்டுகிறவர்கள், அதே கையால் உதவித்தொகை குறித்த தேதியில் வர வேண்டும் என்ற மனுவில் கையெழுத்திட்டார்களா என்று கேட்கலாம். பல்கலைக்கழகத் துறைகள் புதிய மாணவர்களுக்கு நடத்தும் அறிமுக நிகழ்ச்சிகளில் இன்று நிதி அறிவு என்ற பெயரில் அட்டை, புள்ளி, தள்ளுபடி பற்றியே அரைமணி நேரம் போகிறது. அந்த அரைமணியில் பத்து நிமிடத்தைக் கணக்குக்குக் கொடுத்தால் போதும். மாதச் செலவை வாடகையால் வகுக்கட்டும். வரும் புள்ளிகளை, தாங்கள் உண்மையில் மாற்றப்போகும் விலையில் பெருக்கட்டும். அதே செலவுக்கு ரொக்கமாகத் திரும்பிவரக்கூடிய 2 சதவீதத்தை அதிலிருந்து கழிக்கட்டும். மிஞ்சுவது ஐந்து டாலர் என்றால், அந்த ஐந்து டாலருக்காக மாதம் எத்தனை மணி நேரம் கொடுக்க ஒப்புகிறார்கள் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். டிசம்பர் 31க்குள் தீர்க்க வேண்டிய பில்ட் கேஷ் எவ்வளவு மீதம் என்பதையும் அன்றே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஜனவரி முதல் தேதி வாடகையை உரிமையாளர் டாலரில்தான் கேட்பார்.